பாதி எங்கிருந்து வந்தது

எங்கள் ட்ராயிங் ஆபீஸ் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஷாப். இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. அதில் யாரோ நிதானமாக, ஏறலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஏறுவதுபோல் சத்தம் கேட்டால், என் பக்கத்து போர்டில் இருந்த கன்னடக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எல்லிந்த பந்த்ரு" என்பார். 'எங்கிருந்து' வந்துவிட்டார் என்று அர்த்தம். அதுதான் படியேறி வருகிறவருக்கு எங்கள் ஆபீஸ் வைத்த பெயர். சொந்தப் பெயரை டைம் கீப்பரைத் தவிர யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

அவர் மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். கையில் ஒரு ப்ளூ பிரிண்ட் இருக்கும். அதில் ஏதோ ஓர் எண்ணின்மேல் விரலை வைத்துப் பிடித்தபடியே வருவார். விரலை எடுத்தால் எண் ஓடிவிடும் என்று பயம்போல.

"இந்தப் பதினெட்டு எங்கிருந்துங்க வந்துச்சு, அம்மிணி?"

"பழைய ட்ராயிங்ல அப்படித்தான் இருந்துச்சு அண்ணா."

"பழைய ட்ராயிங்குக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?"

உடனே பீரோவைத் திறக்க வேண்டும். பழைய ட்ராயிங்கை எடுக்க வேண்டும். அதற்கும் பழையதை எடுக்க வேண்டும். தூசியில் தும்மித் தும்மி, கடைசியில் யாரும் படிக்க முடியாத ஏதோ ஒரு வெளிநாட்டு மொழியில் எழுதிய ட்ராயிங்கில் போய் முட்டிக்கொண்டு நிற்போம். அங்கேயும் பதினெட்டுதான் இருக்கும். அதற்குக் காரணம் இருக்காது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சரிங்க. காரணம் தெரியலைன்னு தெரிஞ்சுபோச்சு. அதுவும் ஒரு பதிலுதான்" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே மெல்ல இறங்கிப் போவார். அதற்குள் கீழே ஆபரேட்டர் இரண்டு பீடி குடித்து முடித்திருப்பார். எனக்கு அரை நாள் வேலை போயிருக்கும்.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மோட்டாரும் அதற்கான சக்கரங்களும் செய்கிற நடுத்தரமான ஃபாக்டரி அது. தொண்ணூறுகளின் முன்பாதி. நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா மில் வேலைக்காக இங்கே வந்தவர். சூப்பர்வைசருக்குச் சொந்த ஊர் ஹனூருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளி. பேச்சில் ஒரு வரிக்கு ஒரு 'ங்க' இல்லாமல் இருக்காது. மேனேஜருக்கும் 'ங்க'தான், கூட்டிப் பெருக்க வரும் அம்மாளுக்கும் 'ங்க'தான். நானும் அவரும் டிப்ளமோ. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படித்து, பேப்பர் பேப்பராக எழுதிப் பாஸ் செய்தால் இன்ஜினியருக்குச் சமம் என்று ஒரு பரீட்சை உண்டு. அந்தக் காலத்தில் ஃபாக்டரியில் பாதிப் பேர் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதிப் பேர் அதை எழுதி விட்டுவிட்டவர்கள்.

அதில் மெக்கானிக்ஸ் ஒரு பேப்பர். அதில் சுழலும் பொருள்களைப் பற்றி ஒரு பாடம். மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுக்கு அது வெறும் 'ஐ'. ஒரு பொருளைத் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அதன் எடையே சொல்லிவிடும். ஆனால் அதைச் சுற்றவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய எடை மட்டும் போதாது. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். வளையமாக இருந்தால் எடை முழுவதும் விளிம்பில். ஆகவே எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் முழு 'ஐ'யும் வந்துவிடும். தட்டாக இருந்தால் எடை நடுவிலிருந்து விளிம்புவரை பரவியிருப்பதால் அதில் பாதிதான். கெட்டி உருண்டை என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. கம்பியை நடுவில் பிடித்துச் சுற்றினால் நீளத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கிப் பன்னிரண்டில் ஒரு பங்கு, நுனியில் பிடித்தால் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவுதான் பாடம். இதை ஒரு கட்டம் போட்டு எழுதினால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

விஜயநகரில் அப்போதுதான் லேஅவுட் போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ரிட்டயர் ஆன லெக்சரர் ஒருவர் தன் புது வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கிளாஸ் எடுத்தார். அவர் போர்டில் கட்டத்தைப் போட்டுவிட்டு, "மக்கி தரா கண்டபாட மாடி" என்றார். வாய்ப்பாடு மாதிரி நெட்டுருப் போடுங்கள் என்று அர்த்தம். எல்லாரும் எழுதிக்கொண்டோம். கடைசி பெஞ்சில் சூப்பர்வைசர் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். 'பாதி' என்ற சொல் காதில் விழுந்ததோ என்னவோ, கண்ணைத் திறந்து எழுந்து நின்றார்.

"சார், அந்தப் பாதி எங்கிருந்துங்க வந்துச்சு?"

மாஸ்டருக்குத் தமிழ் தெரியும். நல்ல மனிதரும்கூட. தட்டை மெல்லிய மெல்லிய வளையங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வளையத்தின் எடையையும் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினார். எல்லாவற்றையும் இன்டகிரேட் செய்து கூட்டினார். பாதி வந்தது. கேட்டவர் முகம் தெளிந்து உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுந்து, "சார், உருண்டைக்கு அஞ்சுல ரெண்டு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றார். கிளாஸ் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அதில் என்னுடையதும் ஒன்று.

சரி, கேட்டார், தெரிந்துகொண்டார், முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. அவருக்குத் தான் நேற்றுப் போட்ட கணக்கின்மேலும் நம்பிக்கை கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி. பாதி வேண்டியிருக்கும்போதெல்லாம் தட்டை வளையமாக வெட்ட வேண்டும். "நேத்து வந்துச்சு சரிங்க. இன்னைக்கும் வருதான்னு பாக்கோணுமில்லீங்களா?" என்பார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மேட்டகள்ளியில் ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். கிளாஸ் முடிந்த பிறகு நான் அங்கே போய் அவரோடு சேர்ந்து படிப்பேன். ஒரு நாள் போனபோது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொரியலுக்கு வாங்கி வைத்திருந்த பீட்ரூட் எல்லாம் வட்டம் வட்டமாக நறுக்கப்பட்டு, சின்னதிலிருந்து பெரிதாகவும் பெரிதிலிருந்து சின்னதாகவும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"உருண்டைங்கறது என்னங்க? தட்டு தட்டா அடுக்குனதுதான்" என்றார் அவர், சிவந்த விரல்களோடு. "தட்டுக்குப் பாதின்னு நமக்குத் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பாதியைப் போட்டுக் கூட்டிட்டு வந்தா அஞ்சுல ரெண்டு வருது. பாத்தீங்களா?"

"தெரியுமுன்னு சொல்றாரே, அந்தப் பாதிக்குக் காலையிலயே ஒரு மணி நேரம் கணக்குப் போட்டாரு அம்மிணி" என்றாள் அக்கா. "பொரியலுக்கு வெச்சது. இப்ப இதைப் பூரா நானு பொடிசா அரியோணும்."

அக்காவுக்கு அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அவளைப் பெண் பார்க்க வந்தபோது, பத்துக்கு ஏழு பொருத்தம் இருக்கிறது, தாராளமாகச் செய்யலாம் என்றாராம் ஜோசியர். மாப்பிள்ளை வாயைத் திறந்து, "மிச்சம் மூணு எங்கீங்க போச்சு?" என்று கேட்டிருக்கிறார். சபையே திகைத்துப் போயிருக்கிறது. உள்ளே நின்றிருந்த இவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறாள். "அந்தச் சிரிப்புல ஒத்துக்கிட்டேன். அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கறேன்" என்பாள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, நூற்றிருபதுக்கு எண்பது இருக்க வேண்டும் என்றால், அந்த எண்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பாராம். பின்னால் க்யூவில் இருப்பவர்கள் திட்டுவார்களாம்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று எனக்கும் உண்டு. தூரத்துக்கு ஏன் வர்க்கம் என்று ஒரு நாள் ஏதோ பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். ஊரில் தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் எடுத்து வருவார்களாம். குடங்கள் நுனியில் தொங்கினால் சட்டென்று திரும்ப முடியாது. தோள் பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டால், அதே தண்ணீர்தான், வெடுக்கென்று திரும்பிவிடலாம். "தூரத்துல இருக்கறது ஒரு சுத்துக்கு நெறைய தூரம் ஓடோணும். அது ஒரு தரம். அத்தனை தூரத்துல இருக்கறதை நடுவுல நின்னு திருப்பறதும் கஷ்டம். அது ரெண்டாந்தரம். அதனாலதானுங்க தூரத்தை ரெண்டு தரம் பெருக்கறது" என்றார். பரீட்சையில் எனக்கு அது ஒரு மார்க்குக்கும் உதவவில்லை. ஆனால் நெட்டுருப் போட்டதெல்லாம் மறந்து போன பிறகும் அது மட்டும் மறக்கவில்லை.

நான் கட்டத்தை நெட்டுருப் போட்டு முதல் தடவையே மெக்கானிக்ஸ் பாஸ் செய்தேன். அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அவர் ஃபெயில். அடுத்த தடவையும் ஃபெயில். மற்ற பேப்பர்களையெல்லாம் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டார். இது மட்டும் நின்றது. தட்டில் நூலைச் சுற்றி எடையைத் தொங்கவிட்டால் எடை எவ்வளவு வேகமாக இறங்கும் என்று ஒரு கணக்கு வரும். நாங்கள் எல்லாம் முதல் வரியில் பாதியை எழுதி நாலாவது வரியில் விடையைக் கண்டுபிடித்துவிடுவோம். அவர் மூன்று பக்கத்துக்குத் தட்டை வளையம் வளையமாக வெட்டிக் கூட்டியிருப்பார். விடை சரியாகத்தான் இருக்கும். அடுத்த கணக்கில் சாய்வில் ஓர் உருண்டை உருளும். மறுபடி பீட்ரூட். மூன்றாவது கணக்கைத் தொடும்போது பேப்பரைப் பிடுங்கிவிடுவார்கள்.

"ஒரே ஒரு தரம் புக்கை நம்பிட்டு எழுதுங்களேன் அண்ணா" என்றேன். "சும்னே, ஒண்ணும் கேக்காம எழுதிட்டு வந்துருங்க. பாஸ் ஆனப்புறம் ஆயுசு பூரா வெட்டிக் கூட்டிட்டு இருங்க, யாரு வேணாங்கறாங்க?"

"நம்பாம இல்லீங்க அம்மிணி. புக்கு எழுதுனவரு நம்மளைவிடப் படிச்சவருதான்" என்றார். "ஆனா கண்ணை மூடிட்டுப் பஸ்ஸுல தூங்கி ஒரு ஊருக்கு வந்து எறங்குன மாதிரி இருக்குதுங்க. ஊரு சரியான ஊருதான். திரும்பிப் போகோணும்னா எப்புடிப் போறது?"

ஊர் வந்து சேர்ந்தால் போதாதா, யார் திரும்பிப் போகப் போகிறார்கள் என்று தோன்றியது. அவருடைய களைத்த முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன்.

களைப்பு என்றால் சாதாரணக் களைப்பு அல்ல. சூப்பர்வைசருக்கு மூன்று ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. உடம்பு ஒன்றுக்குப் பழகும் முன் அடுத்தது வந்துவிடும். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் அசிஸ்டென்ட் இன்ஜினியர். அசிஸ்டென்ட் இன்ஜினியர் ஆனால்தான் ஜெனரல் ஷிப்ட், காலையில் வந்து மாலையில் போகிற வேலை. இவர் பகலில் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், தெருவில் காய்கறிக்காரர் கூவுவார். ஒரு நாள் சாயங்காலம் விழித்துக்கொண்டு, விடிந்துவிட்டது என்று நினைத்துப் பல் தேய்த்துவிட்டு வந்து காப்பி கேட்டாராம். அக்கா முதலில் சிரித்தாளாம். பிறகு அழுதாளாம்.

அந்த மழைக்காலத்தில் ஷாப்பில் ஒரு காரியம் நடந்தது. சக்கரத்தைச் சுற்றவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் அருகே அவர் நின்றிருந்தார். நின்றபடியே தூங்கிவிட்டார். முன்னால் சாய்ந்தவரை ஆபரேட்டர் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். சட்டைக் கையைச் சக்கரம் பிடித்துக்கொண்டு கிழித்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மாடியிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது, கிழிந்த சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம், "கரண்டை நிறுத்தியும் எவ்வளவு நேரமுங்க சுத்துது, பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அறைய வேண்டும்போல் கோபம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். அடுத்த பரீட்சைதான் கடைசிச் சந்தர்ப்பம். அதற்குள் முடிக்காவிட்டால் காலக்கெடு தாண்டிவிடும், பாஸ் செய்த பேப்பர்களும் செல்லாமல் போய்விடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எனக்கு அவிய பெரிய ஆளாவோணும்னு இல்லை அம்மிணி. ராத்திரி தூங்கோணும். அவ்வளவுதான். ஜெனரல் ஷிப்ட் கெடைச்சாப் போதும்" என்றாள். "என்னமோ கட்டமுன்னு சொன்னியே, அதை எனக்கு எழுதிக் குடு. நானு அவியளைப் படிக்க வெக்கறேன்."

அக்கா ஏழாவது வரை படித்தவள். கன்னட எழுத்துதான் அவளுக்குச் சரளம். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் இரண்டே நாளில் அதைத் தலைகீழாகச் சொன்னாள். பிறகு அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் போனபோது அடுப்படியில் நடந்துகொண்டிருந்தது. ராகிக் களியை உருட்டி, கையில் தூக்கிக் காட்டுவாள்.

"இது?"

"அஞ்சுல ரெண்டு."

சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவாள்.

"பாதி."

கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி ஆட்டுவாள்.

"முழுசு."

கரண்டியை நடுவில் பிடித்துக் காட்டுவாள். பன்னெண்டுல ஒண்ணு. நுனியில் பிடித்துக் காட்டுவாள். மூணுல ஒண்ணு.

"நுனியில புடிச்சா ஏன் நாலு மடங்..." என்று அவர் ஆரம்பிப்பார். "கேக்கப்புடாது" என்று கரண்டியை ஓங்குவாள். அவர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொள்வார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் அப்படிச் சிரித்து அதற்கு முன் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் அக்காவுக்காகத்தான் அதைச் செய்தார். களி உருண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எதிரில் நிற்கும்போது எந்த மனிதனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

பரீட்சை பெங்களூரில். எனக்கும் வேறொரு பேப்பர் இருந்தது. அக்காவும் கூட வந்தாள். காவிரி கலாட்டாவுக்குப் பிறகு பொது இடத்தில் உரக்கத் தமிழ் பேசுவதை நாங்கள் குறைத்துக்கொண்டிருந்தோம். ஆகவே ரயிலில் அவள் ஒன்றும் பேசாமல் சைகையிலேயே கேட்டுக்கொண்டு வந்தாள். முஷ்டியை மூடிக் காட்டுவாள். அவர் விரல்களால் பதில் சொல்வார். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தில் எல்லாரும் காவிரியைப் பார்த்துக் கும்பிட்டபோது இவளும் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கியதும் வளையலைத் தொட்டுக் காட்டினாள். எதிர் சீட்டுக்காரர், இந்த அம்மாளுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது என்று பரிதாபமாகப் பார்த்தார்.

மாஸ்டரின் மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விடைத்தாள் கைக்கு வந்ததும், கேள்வித்தாளைப் பார்க்கும் முன்பே, கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். பிறகு வேண்டியதை வேண்டியபோது பார்த்து எழுதிக்கொள்ளலாம். அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். விடைத்தாள் வந்தது. அதைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கும்போதே எழுதி முடித்துவிட்டார். கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் நேரம் மிச்சமாகி அவர் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே அக்கா மரத்தடியில் நின்றிருந்தாள்.

"எல்லாம் எழுதீட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"சரியா வந்துச்சா?"

"வந்துச்சாட்டந்தான் இருக்குது" என்றார். "எப்புடி வந்துச்சுன்னுதான் தெரியலை."

அக்கா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில், எல்லார் முன்னாலும்.

பாஸ். நல்ல மார்க். சில மாதங்களில் அசிஸ்டென்ட் இன்ஜினியர் ஆனார். ஜெனரல் ஷிப்ட். ஷாப் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை. அந்த வருஷ தசராவுக்கு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அக்காவை அரண்மனை லைட் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை தசரா என்றாலே அவருக்கு இரண்டாவது ஷிப்ட்தான் விழும். கன்னத்தில் சதை போட்டது. கண்ணின் கீழ்க் கறுப்பு மறைந்தது. "படுத்தா எந்திரிக்கறதே இல்லை அம்மிணி, கொறட்டை வேற" என்று அக்கா சந்தோஷமாகப் புகார் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

இப்போது ட்ராயிங் எல்லாம் அவர் கையெழுத்துக்குப் போக வேண்டும். பியூன் கொண்டுபோவார். மதியச் சாப்பாட்டுக்குள் கையெழுத்தாகித் திரும்பி வந்துவிடும். இரும்புப் படியில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. முதலில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தோம். மாதங்கள் போயின. "எல்லிந்த பர்லே இல்லா" என்று பக்கத்து போர்டுக்காரர் ஒரு நாள் சொன்னார், வரவே இல்லையே என்று. அவரைக் கண்டாலே எரிந்து விழுந்த ஆள் இந்தக் கன்னடக்காரர். எங்கள் வேலை வேகமாக நடந்தது. மேனேஜர் பாராட்டினார்.

பிறகு ஒரு மர அறுவை மில்லுக்காக ஒரு பெரிய சக்கரத்தின் ட்ராயிங் வந்தது. அதன் 'ஐ'யையும் ட்ராயிங்கிலேயே குறிக்கச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்துத்தான் எவ்வளவு பெரிய மோட்டார் போடுவது என்று முடிவு செய்வார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கணக்கிட்டு எழுதினாள். செக்‌ஷன் ஹெட் கையெழுத்துப் போட்டார். கீழே போய் அவர் கையெழுத்தும் ஆகி வந்தது. காப்பி எடுக்கக் கொடுக்கும்போது தற்செயலாக நான் அந்த எண்ணைப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லா அளவும் விட்டம்தான். காலிப்பரில் விட்டத்தைத்தான் அளக்க முடியும். ட்ராயிங்கில் விட்டத்தைத்தான் குறிப்போம். யாரும் ஆரம் என்று பேசுவதே கிடையாது. புத்தகத்தில் எல்லாமே ஆரம். அந்தப் பெண் பழக்க தோஷத்தில் விட்டத்தையே வர்க்கம் செய்துவிட்டாள். சரியான விடையைப் போல நாலு மடங்கு.

தவறு யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கையெழுத்தை. ட்ராயிங்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கண்ணாடி அறையில் அவர் ஏதோ பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ட்ராயிங்கை அவர் முன்னால் விரித்து அந்த எண்ணில் விரலை வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கணக்குப் போடக்கூட இல்லை.

"விட்டத்தைப் போட்டுட்டாங்க. நாலு மடங்கு வந்திருக்குதுங்க" என்றார்.

"கையெழுத்துப் போடறப்பப் பாக்கலையா அண்ணா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே ஷாப்பில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தேனுங்க."

"பாத்துட்டா போட்டீங்க?"

"கண்ணுல பட்டுதுங்க அம்மிணி, பொய் சொல்லக் கூடாது. நாலு மடங்குன்னும் தெரிஞ்சுது" என்றார். "படியேறி வந்து கேக்கோணும்னு தோணலைங்க. இப்பெல்லாம் எதைப் பாத்தாலும் தோண மாட்டேங்குது."

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. வருத்தமும் இல்லை. இடுப்பு வலிக்கிறது, மாத்திரை சாப்பிட்டும் போகவில்லை என்று டாக்டரிடம் சொல்வார்களே, அந்தக் குரல். நான் திட்டுவதற்குத்தான் இறங்கி வந்தேன். எனக்கு அழுகை வந்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. இவர் தூங்க வேண்டும் என்று அவள் கேட்டாள். தூங்குகிறார். அவளிடம் போய் நான் எதைக் குறை என்று சொல்வது?

"மாத்தி எடுத்துட்டு வாரேன் அண்ணா" என்றேன்.

மாடிக்குப் போய் ட்ரேசிங் தாளில் பிளேடால் அந்த எண்ணைச் சுரண்டிவிட்டு, சரியானதை எழுதினேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு பியூனிடம் கொடுக்காமல் நானே இறங்கிப் போனேன். எண் அவருக்கு நேராக இருக்கும்படி மேஜையில் வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று அவர் ஒரு தரம் கேட்டுவிட மாட்டாரா என்று நின்றேன்.

"நீங்க போட்டா சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, எண் இருந்த பக்கம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.